எந்த நாளில் முடிந்தது?

சீடன்: ஐயா, அரசியலமைப்பின் முதல் அட்டவணையில் நம் புதுச்சேரியைப் பற்றிய வரியைப் படித்தேன். 1962 ஆகஸ்ட் 16-க்குச் சற்று முன்புவரை பிரெஞ்சு ஆட்சிப் பகுதிகளில் அடங்கியிருந்த நிலங்கள் என்கிறது. ஆங்கிலத்தில் அங்கே 'வேர்' என்ற இறந்தகால வினை நிற்கிறது. ஆனால் 1954 நவம்பர் 1 அன்றே ஆட்சி கைமாறிவிட்டதே! இடையில் உள்ள எட்டு ஆண்டுகளை என்னவென்று சொல்வது?

குரு: வினையிடம் நாளைக் கேட்பதற்கு முன் எழுவாயைக் கேள். அந்த வரியில் எழுவாய் எது?

சீடன்: நிலம்.

குரு: நிலம் சட்டப்படி கைமாறியது 1962-இல்தான். 1956 மே 28 அன்று தில்லியில் கையெழுத்தான ஒப்பந்தம், பிரான்சு விட்டுக்கொடுக்கிறது என்று நிகழ்காலத்தில் பேசுகிறது. 'சீட்ஸ்' என்பது அதன் சொல். அப்போது அல்ஜீரியாவில் போர். ஒன்றை விட்டால் மற்றதையும் விட நேருமோ என்ற தயக்கம் பாரிசில். அல்ஜீரியா விடுதலை பெற்ற 1962 ஜூலையில்தான் பிரெஞ்சு நாடாளுமன்றம் இசைந்தது. 'சீட்ஸ்' என்பது 'சீடட்' ஆவதற்கு ஆறு ஆண்டுகள் பிடித்தன.

சீடன்: அப்படியானால் "அம்பத்திநாலுல விடுதலை வாங்கிட்டோம்" என்று எங்கள் ஆயா சொல்வது? உண்டுகொண்டிருப்பவர் "உண்டேன், இதோ வந்தேன்" என்பதை விரைவு பற்றி நன்னூல் ஏற்கிறதே, அது போலவா?

குரு: இல்லை. விரைவில் சொல்பவர் இனி நடக்கப்போவதை நடந்ததாகச் சொல்கிறார். உன் ஆயா நடந்து முடிந்ததையே சொல்கிறார். அவருடைய வினைக்கு எழுவாய் மக்கள். 1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் 178 பேர் வாக்களித்தார்கள். இந்தியாவுடன் இணைப்புக்கு 170, எதிராக 8. மக்களின் வினை அங்கே முற்றுப்பெற்றது. முடியாமல் நின்றது பிரான்சின் வினை.

சீடன்: அது மக்களின் வினைதானா, ஐயா? வாக்களித்தவர்கள் பிரதிநிதி சபையினரும் நகராட்சி உறுப்பினர்களும். வீதியில் நின்றவரை யாரும் கேட்கவில்லை.

குரு: கேட்கவேண்டிய கேள்வி. ஊரே 'வாங்கினோம்' என்று தன்மைப் பன்மையில் சொல்வதை 170 சீட்டுகள் மட்டும் தாங்கமாட்டா. அந்த 'ஓம்' விகுதிக்குள் 1936 ஜூலை 30 அன்று இங்கே சுடப்பட்டு இறந்த 12 பஞ்சாலைத் தொழிலாளர்கள் இருக்கிறார்கள். 1954 மார்ச்சில் நெட்டப்பாக்கத்தில் இந்தியக் கொடி ஏற்றியவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் யாரும் சீட்டுக்காகக் காத்திருக்கவில்லை. ஆகையால் ஆயா சொல்வதை நான் ஏற்கிறேன். கீழூர் வாக்கு ஊரார் அனைவரின் வாக்கு என்று மட்டும் நீ எழுதாதே.

சீடன்: சட்டமோ இன்னும் விந்தையாக நடந்திருக்கிறது. புதுச்சேரியை அட்டவணையில் சேர்த்த 14-ஆவது திருத்தம் டிசம்பரில் வந்தது. ஆனால் ஆகஸ்ட் 16 முதலே செல்லும் என்கிறது.

குரு: அதிகாரம் உள்ளவர் இறந்தகாலத்தைப் பின்னால் வந்தும் எழுதலாம். ஆயாவுக்கு அந்த வசதி இல்லை. நடந்ததைத்தான் அவர் சொல்ல முடியும்.

சீடன்: ஒப்பந்தம் தந்த ஆறு மாதத்துக்குள் எழுதிக்கொடுத்து, பிரெஞ்சுக் குடியுரிமையைத் தக்கவைத்தவர்கள்? அவர்களுக்கு எந்த நாளில் முடிந்தது?

குரு: முடியவில்லை. அவர்கள் வழிவந்தோர் பிரான்சின் அதிபர் தேர்தலுக்கு இன்றும் இங்கிருந்தே வாக்களிக்கிறார்கள். அவர்களைப் பற்றி எழுதும்போது 'பிரெஞ்சுக் குடிமக்களாக இருந்தார்கள்' என்று போட்டுவிடாதே. 'இருக்கிறார்கள்' என்று எழுது.