குரலின் வேறுபாடும் பேசும் உரிமையும்

தமிழ்க் கவிதை மரபிலே குயில் பெரும்பாலும் பெண்ணாகவே கூவிவந்துள்ளது. பாரதியாரின் குயிற் பாட்டிலே காதல் பேசும் குயிலும் பெண்ணே. ஆயின், மாஞ்சோலைகளிலே கேட்கும் அந்த நீண்ட கூவல் கரிய நிறமுடைய ஆண்குயிலினது. புள்ளிகள் நிறைந்த பெண்குயில் எழுப்புவது விரைவும் கூர்மையும் கொண்ட வேறோர் ஒலியாகும். கவிஞன் பறவையியல் எழுத முற்பட்டவனல்லன். எனவே இதனை ஒரு குற்றமாகக் கொள்ளத் தேவையில்லை. எனினும், கேட்பவன் முன்னரே உள்ளத்திற் கொண்டிருக்கும் கருத்து, கேட்ட குரல் யாருக்குரியது என்பதைத் தீர்மானித்துவிடுகின்றது என்ற உண்மை இதனாற் புலனாகின்றது. கவிஞனுக்கு நேர்ந்தது விஞ்ஞானிக்கும் நேரக்கூடுமன்றோ?

ஆண், பெண் மூளைகள் வளர்ச்சியில் வேறுபடுகின்றனவா, அவ்வேறுபாடு குரல்வழித் தொடர்பில் எவ்வாறு வெளிப்படுகின்றது என்பன விஞ்ஞான வினாக்கள். அவ்வேறுபாட்டைக் கொண்டு யார் பேசலாம், யாருடைய பேச்சு மதிக்கப்படலாம் என முடிவு செய்யலாமா என்பது ஒழுக்க வினா. முதலாவதற்கான விடையை இரண்டாவதற்கும் விடையாகக் கொள்ளும்போதே தவறு பிறக்கின்றது.

முதலில் விஞ்ஞானம் கூறுவதை நோக்குதல் தகும். சீப்ரா ஃபிஞ்ச் என்னும் அவுஸ்திரேலியச் சிறுபறவையில் ஆண் மட்டுமே பாடும். பாட்டைக் கட்டுப்படுத்தும் மூளைப் பகுதிகள் ஆணில் மிகப் பெரியனவாகவும் பெண்ணிற் சிறியனவாகவும் உள்ளன என்பதை 1976இல் நொற்றபோம், ஆர்னல்ட் ஆகிய இருவரும் வெளியிட்டனர். முதுகெலும்புள்ள விலங்கொன்றின் மூளையில் இத்துணைப் பெரிய பால் வேறுபாடு காணப்பட்டமை அக்காலத்தில் வியப்பை விளைவித்தது. 1980இல் கேர்ணி, கொனிசி ஆகியோர் வேறோர் உண்மையைக் கண்டனர். முட்டையினின்று வெளிவந்த பெண்குஞ்சுக்குப் பெண் ஓமோன் எனப் பொதுவாகக் கருதப்படும் ஈஸ்திரடயோலை வழங்கினால், அதன் பாட்டு மூளை ஆணினது போன்று வளர்கின்றது. பெண்மைக்குரியதெனப் பெயர்பெற்ற பொருளே ஆண்குரலுக்கு வழிசெய்கின்றது! 2003இல் ஆராயப்பட்ட ஒரு பறவையோ உடலின் வலப்பாதி ஆணாகவும் இடப்பாதி பெண்ணாகவும் அமைந்திருந்தது. இரு பாதிகளிலும் ஒரே குருதி ஓடியபோதிலும் வலப்புறப் பாட்டு மூளையே ஆண்தன்மை மிகுந்து காணப்பட்டது. எனவே ஓமோன் மட்டுமன்றி, கலங்களுள் உறையும் பரம்பரையலகுகளும் இவ்வளர்ச்சியிற் பங்குகொள்கின்றன.

இத்துடன் ஆராய்ச்சி நின்றிருந்தால், பாடுதல் ஆணின் இயல்பு, கேட்டல் பெண்ணின் இயல்பு என்ற முடிவு எளிதிற் கிடைத்திருக்கும். ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் இருந்து எழுதிய இயற்கை ஆய்வாளர் பலர் நெடுங்காலம் அவ்வாறே கருதினர். அவர்தம் தோட்டங்களிற் பாடியவை பெரும்பாலும் ஆண்பறவைகளே. ஆயின் வெப்ப வலய நாடுகளிலே ஆணும் பெண்ணும் இணைந்து பாடும் இனங்கள் பலவுண்டு. மத்திய அமெரிக்காவின் ரென் பறவைகளை ஆராய்ந்து 1985இல் வெளிவந்த கட்டுரையொன்று, பெண்ணும் ஆணுக்கு நிகராகப் பாடும் இனத்தில் அவற்றின் பாட்டு மூளைகளும் நிகராகவே உள்ளன எனக் காட்டியது. 2014இல் 323 இனங்களைப் பற்றிய செய்திகள் தொகுத்து ஆராயப்பட்டபோது அவற்றுள் 229 இனங்களிற் பெண்ணும் பாடுவது தெரியவந்தது. பாடும் பறவைகளின் பொது மூதாதையரிற் பெண்ணும் பாடியிருக்க வேண்டும் என்பதே அவ்வாய்வின் முடிவு. ஆகவே சில இனங்களிற் பெண்ணின் மௌனம் பின்னர் நேர்ந்த ஓர் இழப்பேயன்றித் தொடக்க இயல்பன்று. பெண்பறவைகள் பாடிக்கொண்டேயிருந்தன, செவிகளே வேறிடத்தில் இருந்தன.

மனிதனைப் பற்றிய ஆராய்ச்சியில் இவ்விடர் மேலும் பெரிது. ஆராய்பவனும் ஆராயப்படும் பொருளும் ஒன்றேயாதலின். பேச்சுக்குரிய மூளைப் பகுதியொன்றை 1861இல் இனங்காட்டிய பிரெஞ்சு மருத்துவர் போல் புரோக்கா, மூளைகளை நிறுத்துப் பார்த்து, பெண் மூளையின் குறைந்த நிறையை அவளது அறிவுக் குறைவுடன் தொடர்புபடுத்தினார். தராசு பொய் கூறவில்லை. ஆண்களின் மூளை சராசரியிற் பெரியதே. ஆனால் நிறையினின்று அறிவுக்குத் தாவிய தாவலைத் தராசு செய்யவில்லை. அக்காலச் சமூகமே செய்தது. 2015இல் 1400இற்கும் மேற்பட்ட மனித மூளைகளின் படங்களை ஆராய்ந்தோர், முற்றிலும் ஆண் இயல்புகளோ முற்றிலும் பெண் இயல்புகளோ கொண்ட மூளை அரிது எனவும், பெரும்பாலானவை இரண்டும் கலந்தவை எனவும் கூறினர். பெண்குழந்தைகள் சராசரியிற் சிறிது முன்னதாகப் பேசத் தொடங்குகின்றனர் என்பது உண்மை. ஆயின் பெண்குழந்தைகளுக்கிடையே காணப்படும் வேறுபாடு அச்சராசரி வேறுபாட்டினும் பன்மடங்கு பெரியது.

பெண்கள் ஆண்களினும் மிகுதியாகப் பேசுவர் என்பது உலகெங்கும் வழங்கும் ஓர் ஏளனம். 2007இல் 396 பல்கலைக்கழக மாணவர்களின் அன்றாடப் பேச்சைப் பதிவுசெய்து கணித்தபோது, இருபாலாரும் நாளொன்றுக்கு ஏறத்தாழ 16,000 சொற்களையே பேசினர். சமத்துவத்தை வேண்டுவோர் இம்முடிவை மகிழ்ந்து வரவேற்றனர். 2025இல் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோரைக் கொண்டு அவ்வாய்வு விரிவாக்கப்பட்டது. இளைஞரிலும் முதியோரிலும் குறிப்பிடத்தக்க வேறுபாடு தோன்றவில்லை. 25 முதல் 64 வயது வரையானோரிடையே பெண்கள் ஏறத்தாழ 3,000 சொற்கள் கூடுதலாகப் பேசியமை தெரிந்தது.

அவ்வாறாயின் 2007இல் நியாயமாயிருந்த சமத்துவம் 2025இல் அநியாயமாகிவிட்டதா? எவரும் ஆம் எனக் கூறார். இங்கேதான் பிரச்சினையின் மூலம் உள்ளது. ஆணும் பெண்ணும் ஒரே மூளையுடையவர், ஆதலின் சமமானவர் என வாதிடுவோர், தம் கோரிக்கையை அடுத்த ஆய்வறிக்கையிடம் அடகு வைத்தவராவர். உள்ளது என்பதினின்று வேண்டும் என்பதை நேரே பெறமுடியாது என டேவிட் ஹியூம் 18ஆம் நூற்றாண்டிலேயே எச்சரித்தார். உரிமை மூளைகளின் ஒப்புமையிலிருந்து பிறப்பதன்று. தனக்கென நோவும் நோக்கமும் உடைய ஒருவர், தம்மைப் பற்றிய முடிவுகளிலே தம் சொல்லும் கேட்கப்படவேண்டும் எனக் கோரும் நியாயத்திலிருந்தே அது பிறக்கின்றது.

வேறுபாடுகளை ஆராயாதிருப்பதே நன்றென்பாரும் உளர். அதுவும் பொருந்தாது. மழலைப் பருவத்தில் திக்குவாய் இருபாலாரிடமும் ஏறத்தாழ ஒத்த அளவிலேயே தோன்றுகின்றது. எனினும் பெண்குழந்தைகளிற் பலர் அதிலிருந்து மீண்டுவிட, வளர்ந்தோரில் ஒரு பெண்ணுக்கு நான்கு ஆண்கள் என்ற அளவில் அது எஞ்சுகின்றது. இதன் காரணத்தை அறிவது திக்கும் சிறுவனுக்குத் துணை செய்வதாகும். வேறுபாட்டை உதவுவதற்காக அறிதல் ஒன்று. ஒதுக்குவதற்காகத் தேடுதல் பிறிதொன்று.

1869இல் ஜோன் ஸ்டுவேர்ட் மில், பெண்ணின் இயல்பெனப் பேசப்படுவது பெரிதும் செயற்கையாக ஆக்கப்பட்டதே என எழுதினார். "பெண் சிரித்தால் போச்சு, புகையிலை விரித்தால் போச்சு" என்ற பழமொழியைக் கேட்டு வளர்ந்த ஒருத்தி விரிவுரை மண்டபத்திலே வினாவொன்றை எழுப்பத் தயங்கி அமர்ந்திருப்பாளாயின், அம்மௌனத்தை அவள் மூளையிலே தேடுவது முறையன்று. அவள் பேசியபோது கேட்கப்பட்டாளா என்பதே முதலில் வினவத்தக்கது. சொல்லியவர் யாரென நோக்காது சொல்லின் மெய்மையை நோக்குதலே அறிவு என்பது திருக்குறள் காட்டும் நெறி. அந்நெறிக்கு மூளையின் நிறையை அளக்கும் தராசு எதுவும் வேண்டுவதில்லை. கேட்கச் சித்தமான செவியே வேண்டும்.