கருவியும் பற்றும்

திருச்சிற்றம்பலம்

திருவிடைமருதூர் மகாலிங்கப்பெருமான் திருக்கோயிலின் கீழைவாயிலில் பட்டினத்தடிகளும், மேலைவாயிலில் அவர்தம் மாணாக்கராகிய பத்திரகிரியாரும் அமர்ந்திருந்தனர் என்பது வழிவழி வரும் வரலாறு. பத்திரகிரியார் ஓடேந்தி இரந்து, ஆசிரியர்க்கு அமுது படைத்து, எஞ்சியதைத் தாம் உண்டு, தம்மைத் தொடர்ந்த நாய்க்கும் ஈந்து வந்தனர். ஒருநாள் இறைவன் இரவலர் வடிவில் வந்து அடிகளை இரப்ப, அவர் தம்பால் ஈதற்கு ஒன்றும் இல்லையென்றும், மேலைவாயிலில் ஒரு குடும்பி உளன், அவனைக் கேட்க என்றும் விடை பகர்ந்தனராம். அதனை அறிந்த பத்திரகிரியார், இவ்வோடும் நாயுமன்றோ எம்மைக் குடும்பியாக்கின என வருந்தி ஓட்டை வீசியெறிந்தனர்.

இவ்வரலாற்றை நம்மனோர் பலகாலும் கேட்டிருப்பர். ஆயினும் இந்நாளில் தைப்பூசத்தன்று காவிரிக்கரையில் நிற்பார்க்கு இது புதியதொரு பொருளைத் தருகின்றது. பெருமான் தீர்த்தங் கொடுத்தருளும் காலத்து உயரும் கைகளில் பெரும்பாலன கைப்பேசி ஏந்திய கைகள். அமெரிக்காவில் வாழும் மகனுக்குத் தீர்த்தவாரியைக் காட்டி நிற்கும் தாய் ஒருபால். சுவாமிக்கு முதுகு காட்டித் தம்முருவையே படம் பிடிப்பார் ஒருபால். கருவி ஒன்றே, கொள்ளுமாறு வேறு. ஆசியாவில் வாழ்வாரும் அமெரிக்காவில் வாழ்வாரும் இணையத்தைக் கொள்ளுமாறு வேறுபடுவது ஏன்? அவ்விரண்டனுள் கொள்ளத்தக்கது யாது, தள்ளத்தக்கது யாது? சிறப்பாக, நம் மடங்கள் தம் நூற்செல்வத்தை இணையவழி யாவர்க்கும் திறந்துவிடுதல் முறையாகுமா? இவற்றைச் சித்தாந்த நெறிநின்று ஈண்டு ஆராய்வாம்.

கருவி சடம்; தானே செயற்படாது. தனு கரணங்களும் அங்ஙனமே உயிரின் பொருட்டு இறைவனால் தரப்பட்டவை. உயிரோ சார்ந்ததன் வண்ணமாம் இயல்பினது. ஆகலின் கருவியை நோக்கி, இது நன்று, இது தீது என்றல் பொருந்தாது. அதனைக் கொள்ளும் உயிர் எதனைச் சார்ந்து நின்று கொள்கின்றது என்பதே வினாவாதல் வேண்டும்.

இதற்குச் சான்று நம் சைவ வரலாற்றிலேயே உண்டு. அமெரிக்க மிஷனரிமார் 1834-இல் யாழ்ப்பாணத்து மானிப்பாயில் அச்சுயந்திரம் நிறுவித் தம் சமய நூல்களை அச்சிட்டுப் பரப்பினர். 1841-இல் உதயதாரகை என்னும் பத்திரிகையையுந் தொடங்கினர். அதுகண்ட ஸ்ரீலஸ்ரீ ஆறுமுக நாவலரவர்கள் அச்சினை இகழ்ந்து ஒதுக்கினாரல்லர். 1849-இல் யந்திரம் வாங்கச் சென்னை நோக்கிப் புறப்பட்டு, வழியில் திருவாவடுதுறை ஆதீனத்தில் தங்கி, ஆங்கே நாவலர் என்னும் பட்டமும் பெற்று மீண்டு, வண்ணார்பண்ணையில் அச்சுக்கூடம் கண்டனர். யந்திரம் ஒன்றே, அஃது ஒருவர் கையில் சைவத்தைக் கடியவும், மற்றொருவர் கையில் சைவத்தைக் காக்கவும் பயன்பட்டது.

இணையமும் அத்தகையதே. அதன் முன்னோடியாகிய வலையமைப்பு 1969-இல் அமெரிக்கப் பல்கலைக்கழக ஆராய்ச்சிக்கூடங்களிற் பிறந்தது. ஆகவே அந்நாட்டார்க்கு அது முதற்கண் மேசைமேல் வைத்த கணிப்பொறி, அவரவர்க்குரிய முகவரி, அவரவர் மறைத்து வைக்கும் கடவுச்சொல். நம் நாட்டிற் பொதுமக்களுக்கு அது 1995 ஆகஸ்டு 15-ஆம் நாள் வந்தது. எனினும் சிற்றூர்களிற் பரவியது பின்னரே. சிறப்பாக 2016-இல் ஜியோ நிறுவனம் வந்தபின் கட்டணம் பெரிதுங் குறைந்த காலத்தே. மேசைக் கணிப்பொறியைத் தொட்டறியாதார் பல்லோர் கைப்பேசிவழியே நேராக இணையத்துட் புகுந்தனர். அக்கைப்பேசியும் பல இல்லங்களில் ஒருவர்க்கே உரியதன்று. தந்தை பேச, மகள் பாடம் பார்க்க, பாட்டி தேவாரப் பண் கேட்க என ஒன்றே பலர் கைமாறும். அங்கே தனியுடைமையாகப் பிறந்தது இங்கே கூட்டுடைமையாயிற்று. அமெரிக்கர் அனைவரும் ஒருதன்மையர் என்றாதல், நம்மவர் அனைவரும் ஒருதன்மையர் என்றாதல் கூறுதல் எம் கருத்தன்று. பெரும்பான்மை பற்றியே கூறுகின்றாம்.

கூட்டுடைமை என்பது கொண்டு நம்மை யாம் புகழ்ந்துகொள்ளுதற்கில்லை. வாட்ஸாப் என்னுஞ் செயலி 2009-இல் கலிபோர்னியாவிற் பிறந்தது. அமெரிக்காவில் குறுஞ்செய்திக் கட்டணம் பெரும்பாலும் மாதக் கட்டணத்துள் அடங்கினமையால் ஆண்டுள்ளார்க்கு அதன் தேவை மிகுதியில்லை; செய்திதோறுங் காசு கொடுத்துவந்த நம்மவர் அதனை விரைந்து பற்றிக்கொண்டனர். பிறர் அனுப்பியதை மேலும் பிறர்க்கு அனுப்புதலில் இந்தியரே உலகில் முதல்வர் என்று அந்நிறுவனமே 2018-இல் கூறிற்று. பொய்ச்செய்திகளால் அப்பாவிகள் பலர் கும்பலால் அடித்துக் கொல்லப்பட்ட கொடுமையை அடுத்து, அவ்வாண்டு ஜூலையில் ஒருமுறைக்கு ஐவர்க்குமேல் அனுப்பலாகாது என்னும் வரையறை இந்தியாவில் முதற்கண் விதிக்கப்பட்டது; பிற நாடுகளுக்கு அது 2019-இல் விரிந்தது.

இக்குற்றத்தின் வேர் யாது? காண்டல், கருதல், உரை என்னும் அளவைகள் மூன்றனுள் உரையளவையை நாம் மிக மதித்தவர்கள். ஆயின் அவ்வுரை ஆப்தன் உரையாதல் வேண்டும் என்பதனை மறந்து, மாமன் அனுப்பினார், பெரியவர் அனுப்பினார் என்னும் உறவையே அளவையாக்கிக் கொண்டோம். நாயன்மார் வாக்கென்று நாளும் வந்து விழுவனவற்றுள் திருமுறையில் இல்லாதன உள. அன்பினால் அனுப்பியது என்பதனாற் பொய் மெய்யாகாது. அமெரிக்க வழக்கின் குற்றமோ இதற்கு மறுதலை: யான் தேடினேன், யான் படித்தேன், எனவே யான் அறிந்தேன் என்று ஆசிரியனை வேண்டாதொழிவது. நம்மவர் உறவை அளவையாக்கினர்; அவர் தம்மையே அளவையாக்கினர். ஆராய்ந்து நோக்கின் இவ்விரண்டும் ஆணவத்தின் இருவேறு கோலங்களே என்க.

இனி நூல்களைத் திறத்தல் பற்றி ஆராய்வாம். நூல்கள் யாவர்க்கும் இலவசமாகக் கிடைத்தல் வேண்டும் என்னும் கொள்கையோடு 1971-இல் அமெரிக்க இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்திற் குட்டன்பர்க் திட்டம் தோன்றியது. தமிழுக்கு அவ்வகையில் மதுரைத்திட்டம் 1998 பொங்கலன்று தொடங்கிற்று. பல நாட்டுத் தமிழன்பர் ஊதியமின்றித் தட்டச்சு செய்து திருமுறைகளையும் சாத்திரங்களையும் அதில் ஏற்றினர். திறந்துவைத்தல் என்னும் கொள்கை அமெரிக்கரது. உடலுழைப்பால் ஆற்றிய தொண்டோ நம் உழவாரப் பணியின் மரபினது.

அற்றேல், பக்குவம் நோக்கி ஆசிரியன் உணர்த்தவேண்டிய சாத்திரத்தைத் தெருவில் இறைத்தல் போலாகாதோ எனின், ஆகாது. என்னை? சிவஞான முனிவர் அருளிய மாபாடியம் திருவாவடுதுறையில் நெடுங்காலம் ஏட்டளவில் நின்று, இருபதாம் நூற்றாண்டிலேயே முழுதும் அச்சேறியது. அச்சேறியதனால் அதன் பெருமை குன்றியதில்லை. ஓதுவிப்பாரை வேண்டாத நூலாகவும் அஃது ஆயிற்றில்லை. ஓதுதல் வேறு, உணர்தல் வேறு. ஏட்டை நாடெங்கும் பரப்பலாம். தீட்சையைப் பரப்புதல் இயலாது. மேலும் மெய்ந்நூல் மறைந்து கிடப்பின் பொய்ப்பாட்டே அதன் இடத்தைக் கொள்ளும். ஒப்புநோக்கித் தெளிதற்கு மூலம் கைக்கெட்ட வேண்டுமன்றோ? புதுச்சேரியிற் காக்கப்பெறும் ஏறத்தாழ 11,000 சைவச் சுவடிகள் 2005-இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டிற் சேர்க்கப்பட்டன. உலகம் மதிக்கும் செல்வத்தை நம் வீட்டுப் பிள்ளைகளே காணாதிருத்தல் தகுமோ?

எதனைக் கருவிக்கு விடலாம், எதனை விடலாகாது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு அமெரிக்க மண்ணிலேயே உளது. யாழ்ப்பாணத்து யோகர் சுவாமிகளிடம் 1949-இல் அருள்பெற்ற அமெரிக்கராகிய சிவாய சுப்பிரமுனிய சுவாமிகள், 1970-இல் ஹவாயின் காவாய்த் தீவில் சைவ மடம் நிறுவினர். அம்மடத்தார் தம் நூல்களை இணையத்தில் இலவசமாகத் திறந்து வைத்துள்ளனர். ஆயின் தம் இறைவன் கோயிலுக்குரிய கருங்கற்களையோ 1990 முதல் பெங்களூர்ப் பக்கத்தில் மின்யந்திரமின்றி உளியாலேயே செதுக்குவித்தனர். 2023-இல் குடமுழுக்கும் நிகழ்ந்தது. நம் நாட்டிலோ கல்லை யந்திரம் அறுப்பதற்கு உடன்படுகின்றோம். சுவடியை இணையத்தில் ஏற்றுதற்குத் தயங்குகின்றோம். பரப்புதற்கு விரைவு வேண்டும். வழிபாட்டிற்கு உடல் வருத்தமும் பொறுமையும் வேண்டும். இப்பகுப்பினை அவர்பாற் கற்றல் நமக்கு இழுக்கன்று.

ஆதலின் எம் துணிபு இது: மடங்கள் தம் சுவடிகளையும் பதிப்புக்களையும் பிழைதிருத்தி, பாடபேதமுங் காட்டி, யாவர்க்கும் திறத்தல் வேண்டும். தீட்சையும் உபதேசமும் குருவின் திருமுன்பே நிகழ்தல் வேண்டும். திருமுறை வாக்கென வருவதை மூலத்தோடு ஒப்புநோக்காமல் மற்றொருவர்க்கு அனுப்புதலை அன்பர்கள் ஒரு நோன்பாகவே விடுத்தல் வேண்டும்.

முடிவாக ஓட்டினிடத்தே மீள்வாம். ஆசிரியர்க்கு அமுதேந்திய அளவும் அவ்வோடு திருத்தொண்டின் கருவி. எனது என்றவிடத்து அதுவே தளை. அடிகள் கடிந்தது ஓட்டையன்று, அதன்பாற் செறிந்த பற்றினையே. நம் கையிலுள்ள கைப்பேசியும் அத்தகைய ஓடே. மகனுக்குத் தீர்த்தவாரி காட்டிய தாயின் கையில் அது தொண்டு செய்தது. இரவலர் ஒருவர் இன்று வந்து நம்மை இரப்பின், குடும்பி எனச் சுட்டப்படுவார் யாவர் என்பதை அவரவர் தம் உள்ளத்தே உசாவிக்கொள்க.

திருச்சிற்றம்பலம்