கடிதத்தில் வராத கடன்

முகாம் முகாமாகச் சுற்றும் அரசாங்க ஊழியர் மனைவிக்கு எழுதும் கடிதத்தில் பயணப்படி வரும், பால்கணக்கு வரும்; கைமாற்று மட்டும் வராது. அவள் மனம் நோகுமாம்! அன்புதான், நியாயமா என்பதே என் கேள்வி.

குன்றக்குடியைச் சூழ்ந்த செட்டிநாட்டில் மணமான மகன் ஒவ்வொருவனும் பெரிய வீட்டுக்குள்ளேயே தனிப் 'புள்ளி'. தனிச் சமையல், தனி வரவு செலவு. அவன் மூன்றாண்டுத் தவணையில் பர்மாவுக்குக் கொண்டுவிக்கப் போனால், இங்கே புள்ளியை நடத்தியவள் மனைவி. சீதனப் பணமும் அவள் பெயரில் வட்டிக்கு வளர்ந்தது. 1942-இல் ஜப்பானியர் ரங்கூனைப் பிடித்தார்கள். அங்கே முடங்கிய தொகை எவ்வளவென்று அறிந்தவள் நகையை எண்ணிப் பார்த்திருப்பாள். அறியாதவள் அந்த மாதமும் வழக்கம்போலச் சீர் செய்திருப்பாள்.

நோகக் கூடாதென்று நாம் மறைக்கிறோம். கடன்காரன் வந்து நிற்பது அவள் வாசலில்.