பிரதிபந்தமும் புருஷகாரமும்

ஒரகடம் கூட்டு ரோட்டில், காலை ஷிப்டுக்குத் தொழிலாளரை ஏற்றிச் செல்லும் கம்பெனி பஸ்கள் வரிசையாக வந்து நிற்கும் வேளையில், ஹாரன் ஓசை காதை அடைக்க, பக்கத்தில் நிற்பவரிடம் ஒரு வார்த்தை சொல்லவும் நாங்கள் தொண்டை வறளக் கத்திக்கொண்டிருக்கையில், காது கேளாத இளைஞர் இருவர், ஒருவர் பஸ் ஜன்னலிலும் மற்றவர் சாலையின் எதிர்ப்புறத்திலுமாக, சைகை மொழியில் நிதானமாக உரையாடிக்கொண்டிருந்ததை ஒரு நாள் கண்டேன். பஸ் நகர்ந்த பிறகும் ஜன்னலுக்கு வெளியே அந்தக் கைகள் பேசிக்கொண்டே சென்றன. அந்த இடத்தில் பேச இயலாதவர்களாக இருந்தவர்கள் நாங்களே.

அங்கிருந்து சிறிது தூரத்திலுள்ள ஸ்ரீபெரும்புதூரில், 1017ஆம் ஆண்டு அவதரித்ததாக வைணவ மரபு கொண்டாடும் ராமாநுஜர், தமது ஸ்ரீபாஷ்யத்தில் சரீரம் என்பது யாது என்று ஆராய்கிறார். சேஷ்டைகளுக்கும் இந்திரியங்களுக்கும் இருப்பிடமாவதே சரீரம் என்ற இலக்கணத்தை அவர் ஒப்புக்கொள்ளவில்லை; அறிவுடைய ஆன்மாவாகிய ஒரு சேதனன் தன் பிரயோஜனத்துக்காகத் தாங்கி நியமிக்கத்தக்கதாய், அவனுக்கே உரிய சேஷமாய் இருக்கும் திரவியம் எதுவோ அதுவே அவனுக்குச் சரீரம் என்கிறார். அப்படியானால், வாதத்தாலோ காயத்தாலோ செயலிழந்த உடலை அவன் நியமிக்கக் காணோமே என்ற ஆக்ஷேபம் எழுமல்லவா? அதற்கு அவர் கூறும் சமாதானம் இத்தனை நூற்றாண்டுகளுக்குப் பின்னும் என்னைத் திடுக்கிட வைக்கிறது: அங்கே சக்தி இல்லாமற் போகவில்லை, பிரதிபந்தத்தால் தடைப்பட்டிருக்கிறது, நெருப்பின் உஷ்ணம் ஏதோ ஒரு தடையால் புலப்படாமலிருப்பதைப் போல.

அந்தப் பிரதிபந்தம் எங்கே இருக்கிறது என்பதே நம் காலத்துக்குரிய கேள்வி. ராமாநுஜர் பேசுவது உடலில் நேர்ந்த தடையை. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமோ, உடலின் அல்லது மனத்தின் குறைபாடு புறத்தேயுள்ள தடைகளோடு முட்டும்போதுதான் ஒருவர் பிறருக்குச் சமமாகச் சமூகத்தில் பங்குகொள்ள முடியாமற் போகிறது என்று இலக்கணம் வகுக்கிறது. தத்துவத்திலிருந்து சட்டத்துக்கு நேர்க்கோடு இழுப்பது முறையன்று. ஆயினும் "இவனுக்குச் சக்தி இல்லை" என்னும் தீர்ப்பை இரண்டுமே மறுக்கின்றன என்பதை நான் இறுகப் பற்றிக்கொள்கிறேன்.

புறத்தேயுள்ள தடைகளை மாற்றுத்திறனாளிகளின் எந்த ஒரு சங்கமும் தனித்து நின்று முழுவதும் காண இயலாது. சில ஆண்டுகளுக்கு முன் இவ்வட்டாரத்தில் நடந்த ஒரு கலந்தாலோசனையில், நடைபாதையின் விளிம்பைச் சரிவாக்க வேண்டும், இல்லையேல் சக்கர நாற்காலி ஏறாது என்று ஒரு தரப்பார் வாதிட, விளிம்பைக் கரைத்துவிட்டால் வெண்கோல் பிடித்து நடப்பவருக்குச் சாலை தொடங்குமிடம் எப்படித் தெரியும் என்று மற்றொரு தரப்பார் சீறியெழ, அதிகாரிகள் இரு தரப்பார் மனுவையும் வாங்கி ஒரே கோப்பில் வைத்துவிட்டு எழுந்துபோனார்கள். சரிவின் முடிவில், காலுக்கும் கோலுக்கும் தட்டுப்படும் புள்ளி ஓடுகளைப் பதித்தால் இரு குறையும் தீரும். அதை அந்த அறையிலிருந்த எல்லோரும் அறிந்திருந்தும், சேர்ந்து சொல்லத்தான் ஒருவரும் இல்லை.

சேர்ந்து சொன்னபோது கேட்கப்பட்டிருக்கிறது. 1991ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மாற்றுத்திறனாளிகளைப் பற்றிய கேள்வியே இல்லை. பல்வகைக் குறைபாடுடையோரும் ஒன்றுகூடிக் குரலெழுப்பிய பிறகு 2001இல் அது மீண்டும் இடம்பெற்றது. 2011இல் தமிழ்நாட்டில் மட்டும் 11.79 லட்சம் பேர் கணக்கில் வந்தார்கள். தமிழ்நாடு அனைத்து வகை மாற்றுத்திறனாளிகள் மற்றும் பாதுகாப்போர் உரிமைகளுக்கான சங்கம் என்ற நீண்ட பெயரை வாசிக்குந்தோறும், அதிலுள்ள "அனைத்து வகை", "மற்றும்" என்னும் சொற்களில் நெடுநாள் உழைப்பு உறைந்திருப்பதாகவே எனக்குத் தோன்றும்.

ஆனால் சிறப்புப் பள்ளி நடத்துவோரும், தொழிற்பயிற்சி அளிப்போரும், இல்லம் நடத்துவோருமாகிய சேவை நிறுவனத்தார் ஒரு கூட்டமைப்பாகத் திரளும்போது, பிறர் பொருட்டுப் பரிந்து பேசும் அதிகாரம் அவர்களுக்கு எங்கிருந்து வருகிறது? பரிந்து பேசுதலுக்கு வைணவம் இட்ட பெயர் புருஷகாரம். சேதனனுக்காக ஈசுவரனிடம் மன்றாடும் பிராட்டியாராகிய திருமகளுக்குக் கிருபையும், பிறர் வயப்பட்டு நிற்கும் பாரதந்திரியமும், வேறொருவருக்கும் உரியராகாத அநந்யார்ஹத்வமும் வேண்டும் என்று பிள்ளை லோகாசாரியார் ஸ்ரீவசனபூஷணத்தில் அருளிச்செய்கிறார். அங்கே பாரதந்திரியம் எம்பெருமானுக்கு. நான் அதைத் துணிந்து இங்கே திருப்பிப் பார்க்கிறேன். நம் நிறுவனத்தாரிடம் கிருபைக்குக் குறைவில்லை. தாம் யாருக்காகப் பேசுகிறார்களோ அவர் சொற்படி நிற்கும் பாரதந்திரியமும், மானியம் தருவோர்க்கும் நன்கொடை தருவோர்க்கும் ஆட்படாத அநந்யார்ஹத்வமும் எத்தனை பேரிடம் உண்டு? அவை இல்லாத கூட்டமைப்பு, தன் வாடகைக்கும் சம்பளத்துக்கும் பரிந்து பேசுமேயன்றிப் பிறருக்காக அன்று.

காஞ்சிக்கருகே கூரத்தில் பிறந்த கூரத்தாழ்வான், தம் ஆசாரியனான ராமாநுஜரைக் காக்கும்பொருட்டு அரசவை சென்று கண்ணிழந்தவர். பின்னாளில் அவரைக் காஞ்சி வரதனிடம் கண்ணை வேண்டிக்கொள்ளுமாறு ராமாநுஜர் பணிக்க, அவரோ தம் கண் போகக் காரணமாயிருந்த நாலூரானுக்கும் தமக்குக் கிட்டும் பேறே கிட்ட வேண்டுமென்று கேட்டதாகக் குருபரம்பரை கூறுகிறது. இக்கதையைச் சொல்லி, குறையுடையோர் தமக்கென எதையும் கேளாதிருத்தலே உயர்வு என்று போதிப்பவர்களோடு எனக்குச் சிறிதும் உடன்பாடில்லை. சந்நிதியில் நின்று பிறனுக்காகப் பேசியவர் கண்ணிழந்தவரே என்பதுதான் நான் அதில் காண்பது.

தனியார் நிறுவனங்களின் பணியாளரில் குறைந்தது 5 சதவீதத்தினர் மாற்றுத்திறனாளிகளாக இருக்கும்படி, தன் பொருளாதார சக்திக்கு உட்பட்டு, அரசு முதலாளிகளுக்கு ஊக்கமளிக்க வேண்டும் என்கிறது 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் 35ஆம் பிரிவு. கார்களும் லாரிகளும் டயர்களும் நாள்தோறும் உருவாகும் இந்த ஒரகடம் சாலையோரத்தில் அதைக் கேட்கப் புறப்படும் நிறுவனத்தாரை நான் வேண்டிக்கொள்வது ஒன்றே. தனித்தனி மனுவோடு போகாதீர்கள்; ஒன்றாகச் செல்லுங்கள். செல்லும்போது சைகை மொழிபெயர்ப்பாளர் ஒருவரை உடன் அழைத்துக்கொண்டு, பஸ் ஜன்னலில் நான் கண்ட அந்த இளைஞரை முதல் நாற்காலியில் அமர்த்தி, முதற்பேச்சை அவருக்கு விட்டுவிடுங்கள்.