எலியின் பங்கு

அகஸ்திய முனிவர் இன்றும் தவமியற்றுகின்றார் என்று மலையின் இரு புறத்தாரும் நம்பும் பொதிகையின் மேற்கே, திருவனந்தபுரம் மாவட்டத்துப் பாலோட்டில், 1979-இல் தோன்றிய தாவரவியல் ஆராய்ச்சி நிலையத்தை நினைக்குந்தோறும், மூலிகைகளின் மகிமையைவிட ஒரு தர்மசங்கடமே என் மனத்தை ஆட்கொள்கிறது.

பச்சிலைச் சாறொன்று வீக்கத்தைத் தணிக்குமா என்றறிய, 1962 முதல் உலகெங்கும் ஆய்வுக்கூடங்களில் வழங்கிவரும் முறை ஒன்றுண்டு. எலிக்கு முதலில் சாற்றைப் புகட்டி, பிறகு கடற்பாசியிலிருந்து எடுத்த காரஜீனன் கரைசலில் 0.1 மில்லிலிட்டரை அதன் பின்னங்காற் பாதத்தில் ஊசியால் ஏற்றி, ஏறக்குறைய மூன்று மணி நேரத்தில் உச்சமடையும் வீக்கத்தை, சாறு பெறாத எலியின் வீக்கத்தோடும் இண்டோமெதசின் என்னும் வீக்கந்தணிக்கும் மருந்தைப் பெற்ற எலியின் வீக்கத்தோடும் ஒப்பிட்டு அளக்கிறார்கள். நம் மூட்டுவலி தீரும்பொருட்டு, ஏதுமறியாத ஜீவனுக்கு நாமே வலியை உண்டாக்குகிறோம். இது ஹிம்சை, வேறு பெயரிட்டழைக்க எனக்கு மனம் ஒப்பவில்லை.

ஆயினும், சோதியாமற் கொடுப்பதும் ஹிம்சையே. 1990-களின் தொடக்கத்தில் பிரஸ்ஸல்ஸ் நகரில், உடல் மெலிய வேண்டி மூலிகை மாத்திரை உண்ட பெண்கள் பலர் சிறுநீரகம் கெட்டு அவதியுற்றனர். வேறொரு மூலிகைக்குப் பதிலாக அதிற் புகுந்துவிட்ட கொடி, நம் ஆடுதீண்டாப்பாளையின் இனத்தைச் சேர்ந்தது. முன்னோர் வாக்கே போதாதா என்பார் உளர். அவ்வாக்கை ஆப்தப் பிரமாணமாக நானும் வணங்குகிறேன். ஆனால் நாடி பிடித்து, நோயாளியின் முகம் பார்த்து, அளவறிந்து கொடுத்த கஷாயத்துக்குச் சொல்லப்பட்டது அது. சாராயத்திலிட்டுச் செறிவாக்கி, முகமறியாத லட்சம் பேருக்குப் புட்டியில் விற்கும் சத்துக்கு அந்தப் பிரமாணம் எங்ஙனம் செல்லும்?

அகஸ்தியமலைக் காணிக்காரப் பழங்குடியினர் 1987-இல் ஆரோக்கியப்பச்சை என்னும் செடியைக் காட்ட, அதிலிருந்து பிறந்த 'ஜீவனி' என்னும் மருந்தின் உரிமத் தொகையிலும் வருவாய்ப் பங்கிலும் பாதி அவர்களுக்கே என்று பாலோட்டு நிலையம் வகுத்தது. கைம்மாறறிந்த செயல் என்று அதனை மனமாரப் போற்றுகிறேன். ஆனால் அச்செடியின் ஆற்றலை மெய்ப்பித்த ஆய்வுக்கூடத்துச் சுண்டெலிகளும் அன்றோ கடன் கொடுத்தவை? அவற்றின் பங்கு யாது? பணமன்று. ரஸ்ஸல், பர்ச் என்னும் ஆங்கில அறிஞர் இருவர் 1959-இல் வகுத்துரைத்தபடி, உயிரின்றி அறியக்கூடியதை உயிரின்றியே அறிதல், எண்ணிக்கையைக் குறைத்தல், வேதனையைத் தணித்தல்: இவையே அப்பங்கு. இவற்றோடு இன்னொன்றையும் வற்புறுத்துவேன். பயனளிக்காத சாற்றின் முடிவைப் பலர் வெளியிடாது பெட்டியில் வைத்துப் பூட்டிவிடுகின்றனர். அதனையறியாத வேறொரு கூடம் அதே இலையை அரைத்து, வேறு எலிகளின் பாதங்களில் மறுபடியும் ஊசி ஏற்றுகிறது. முதல் ஊசிக்காவது அறியாமை என்னும் சமாதானம் உண்டு. இரண்டாவதற்கு எந்த சாஸ்திரத்திலும் பரிகாரம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.