யார் கணக்கை யார் பார்ப்பது?

அமெரிக்காவின் மேய்ன் மாநிலத்திலே, போலீசாரும் பிற இலாகாக்களும் திரட்டிய உளவுச் செய்திகளைப் பகிர்ந்துகொள்ள ஒரு நிலையமுண்டு. 2020-ஆம் ஆண்டில் அதன் இரகசியத் தாள்கள் களவாடப்பட்டு வெளியாயின. நீதி கேட்டு ஊர்வலம் போனோரைப் பற்றிய குறிப்புகளும் அவற்றுள் இருந்தன. 2021-இல் அதனை மூடும் மசோதா கீழ்ச்சபையில் நிறைவேறி, மேற்சபையில் தோற்றது. ஆண்டுதோறும் சட்டசபைக்கு அறிக்கை தரவேண்டுமென்ற விதி மாத்திரம் வந்தது. அவ்வறிக்கையை எழுதுவது யார்? அந்நிலையமே!

நானும் கணக்கெழுதிப் பிழைப்பவன், தோட்டத்துக் கிராணி. என் செக்ரோலுக்கு நானே நற்சாட்சி கூறினால் மானேஜர் ஏற்பாரா? புத்தகத்தைப் புரட்டுவார், ஆட்களையும் அழைத்து விசாரிப்பார். (நியாயந்தான், எனக்கு வருத்தமில்லை.) பேர் குறைந்தால் தொழிலாளியே வந்து சண்டையிடுவான். உளவுப் புத்தகத்தில் தன் பெயர் ஏறியதையே அறியாதவன் யாரிடம் போய்க் கேட்பான்? அவன் வாக்களித்தனுப்பிய அங்கத்தினரும் நிலையம் நீட்டிய தாளோடு நின்றுவிட்டால், அப்புத்தகத்தைப் புரட்டுவோர் யார்?