மறைபொருளும் சத்திய விரதமும்

சத்திய அணுவிரதத்திற்கு அதிசாரங்கள் ஐந்து எனத் தத்துவார்த்த சூத்திரம் கூறும். அவற்றுள் ஒன்று, பிறர் மறைவில் செய்ததை வெளியிடுதல். பள்ளிப் பிள்ளைகளுக்குக் "கோள் சொல்லாதே" என்று நாம் போதித்ததும் இதுவே. அங்ஙனமாயின், தன் நாட்டு அரசின் இரகசியத்தை வெளியிட்ட பத்திரிகையாளர் விரதம் தவறியவர் ஆவாரோ?

கார்ல் வான் ஒசியட்ஸ்கி 1889இல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் பிறந்தார். முதல் உலகப் போரில் படைவீரராக இருந்து அதன் கொடுமையை நேரில் கண்டவர். போருக்குப் பின் அமைதிச் சங்கத்தில் பணியாற்றினார். பின்னர்ப் பெர்லினில் 'உலக மேடை' எனப் பொருள்படும் பெயருடைய வார இதழுக்கு ஆசிரியரானார். ஜெர்மனி விமானப்படை வைத்திருத்தலாகாது என்பது வெர்சேல்ஸ் உடன்படிக்கை. அரசோ அதனை மறைவில் வளர்த்து வந்தது. 1929இல் அவ்விதழ் இதனை வெளிப்படுத்தியது. 1931இல் அவருக்கு 18 மாதச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது.

வெளிநாடு சென்றுவிடுமாறு நண்பர்கள் வேண்டினர். எல்லைக்கு அப்பால் நின்று பேசுவோன் சொல்லுக்கு வலிமை இராது எனக் கருதிய அவர், 1932இல் தாமே சிறை புகுந்தார். அவ்வாண்டின் இறுதியில் பொதுமன்னிப்பில் விடுதலையானார். 1933இல் நாஜி அரசு அவரைச் சிறைப்பிடித்து, வதை முகாமில் அடைத்தது. காசநோய் பற்றியது. 1935ஆம் ஆண்டுக்குரிய நோபல் அமைதிப் பரிசு 1936இல் அவருக்கு அறிவிக்கப்பட்டது. மறுத்துவிடுமாறு அரசு வற்புறுத்தியும் அவர் இசையவில்லை. பரிசு பெற ஆஸ்லோ செல்லவும் அனுமதி கிடைக்கவில்லை. 1938 மே மாதத்தில் பெர்லினில் உயிர் நீத்தார்.

இனி வினாவிற்கு வருவோம். தனிமனிதர் நாணத்தக்கதை அம்பலப்படுத்தி அவர் உள்ளத்தைப் புண்படுத்தலாகாது என்பதே அந்த அதிசாரத்தின் கருத்து. அது அகிம்சைக்கு வேலி. உயிர்களைக் கொல்லுதற்குரிய கருவிகளை மறைத்து வைப்போர்க்கு அவ்வேலி அரணாகுமோ? அங்கே மௌனம் சாதிப்பதே இம்சைக்கு உடன்படுதலாகும். ஏனெனில் செய்தல், செய்வித்தல், உடன்படுதல் என்னும் மூன்றும் வினைக்கு வழியென்பர் நம் ஆசாரியர்.

மற்றோர் அளவுகோலும் உண்டு. கோள் சொல்வோன் துன்பத்தைப் பிறர்மேல் ஏற்றித் தான் ஒதுங்குவான். ஒசியட்ஸ்கியோ சொல்லின் விளைவைத் தம் உடல்மேல் ஏற்றுக்கொண்டார், பகைமையால் உரைக்கவில்லை.

அவ்வழக்கை மீண்டும் விசாரிக்க வேண்டுமென்ற முறையீட்டை ஜெர்மனியின் உச்ச நீதிமன்றம் 1992இல் ஏற்கவில்லை. எனவே சட்டத்தின் ஏட்டில் அவர் இன்றும் குற்றவாளியே. சட்டத்தின் ஏடு வேறு, அறத்தின் ஏடு வேறு. ஒன்றை வெளியிடுமுன் நாம் நம்மையே வினவுதல் வேண்டும்: நம் மௌனம் எவ்வுயிரைக் காக்கின்றது? நம் சொல்லின் துன்பத்தைத் தாங்குபவர் யார்? இவ்விரண்டிற்கும் நேரிய விடை கூறவல்லார்க்குச் சத்திய விரதம் ஒருபோதும் பழுதுபடாது.